பில்டர் தண்ணீர் குடித்த பட்டரி

ஒக்டோபர் 14, செவ்வாய்

மழை. எழுதுவது மாத்தளை ஆஸ்பத்திரி விறாந்தையில். என் வீட்டுக்காரர் உள்ளே, இரத்தம் சுத்தப்படுத்துகிற மெஷினில். நான்கு மணித்தியாலம்.

இடது முழங்கால் வீங்கிவிட்டது. சேலையில் சேறு. நர்ஸ் மிஸ் ஒருத்தி பஞ்சும் மருந்தும் கொடுத்துவிட்டுப் போனாள். எரிகிறது.

யானை. இரண்டாவது வளைவில், வாய்க்கால் பாலத்துக்கு இந்தப் பக்கம். தனி யானை.

முதலில் இருந்தே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே குழம்பிவிடும். நாலு மணிக்குக் கிளம்பினோம். வீட்டிலிருந்து சந்திக்கு ஒன்பது கிலோமீற்றர் கிறவல் பாதை. மாத்தளைக்கு நேரத்தோடு போய்ச்சேர ஒரே பஸ்தான், நாலே முக்காலுக்கு. அதைப் பிடித்தால்தான் மெஷின். பைக்கின் லைட் இரண்டு வாரமாகவே ஒரு மாதிரி. வேகம் கொடுத்தால் எரியும், குறைத்தால் குப்பி லாம்பு. பார்க்கலாம், பார்க்கலாம் என்று விட்டது என் பிழை. வளைவில் குழிக்காக வேகத்தைக் குறைத்தேன். லைட் மங்கிற்று. இஞ்சினும் நின்றது. ஸ்டார்ட்டரை அழுத்தினால் டிக், டிக். அவ்வளவுதான்.

அப்போதுதான் பார்த்தேன். பதினைந்து அடி தூரம் இருக்கும். காலை ஊன்றினேன், சேற்றில் வழுக்கிற்று, பைக் என்மேல் சாய்ந்தது. பின்னால் இருந்தவர் இறங்கிவிட்டார். பைக்கைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. இடது கையால் பாரம் தூக்கக் கூடாது, வலது கைக்கும் சத்தில்லை. பிறகு எனக்கும் யானைக்கும் நடுவில் போய் நின்றார். கையில் கிளினிக் பைல் உள்ள பிளாஸ்டிக் சிலிசிலி பை. அதை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. யானை ஒரு கிளையை முறித்துக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது.

பிறகு தள்ளி ஸ்டார்ட் பண்ணினோம். தள்ளியது அவர். பத்தடி நடந்தால் மூச்சு வாங்குகிற மனுஷன்.

பஸ் காத்துக்கொண்டு நின்றது. "டீச்சர் வராம எப்பிடிப் போறது" என்றான் கொண்டக்டர், சிங்களத்தில். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. யானைக்கு வராத அழுகை.

பல்லேகம தாண்டி மலை ஏறி இறங்கி மாத்தளை வரும்வரை அவர் என் முழங்காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அவர் நிறை: இரண்டரை கிலோ கூட. தண்ணீர் குறைக்கச் சொன்னார்கள். இன்னும் எங்கே குறைப்பது.


ஒக்டோபர் 15, புதன்

வெயில். காலையில் பள்ளிக்கூடம் போகவில்லை, அரை லீவு. பைக்கை சுமித்தின் கராஜுக்குக் கொண்டுபோனேன், வழி நெடுக இரண்டாவது கியரில், நிறுத்தாமல்.

சுமித் பக்கத்து மூடியைக் கழற்றியதும் நாக்கைக் கடித்தான். பட்டரியின் தலையெல்லாம் வெள்ளையாகப் பூத்துப் போயிருந்தது. பெட்டி இரும்பு அரித்து, பெயின்ற் உரிந்து. தண்ணீர் மேல் கோட்டுக்கும் மேலே.

"என்ன தண்ணி ஊத்துனீங்க டீச்சர்?"

"பட்டரித் தண்ணிதான்."

பொய். பிள்ளைகள் பொய் சொன்னால் வாசலில் நிறுத்துகிற டீச்சர் சொன்ன பொய்.

ஊத்தியது பில்டர் தண்ணீர். ஒரு வருஷத்துக்கு மேல். எங்கள் பக்கத்தில் யாரும் கிணற்றுத் தண்ணீர் குடிப்பதில்லை, கிட்னி வியாதிக்குப் பயந்து. வாரம் இரண்டு கேன், பில்டர் போட்ட இடத்திலிருந்து. கேன் மூடியைத் திருகும்போதெல்லாம் இதைவிடச் சுத்தம் உலகத்தில் இல்லை என்று ஒரு நம்பிக்கை. அவருக்கே அதைத்தான் அளந்து கொடுக்கிறேன். மனுஷனுக்குக் கொடுக்கிற தண்ணீர் ஒரு பட்டரிக்கு ஆகாதா என்று நினைத்துவிட்டேன். அவர் நூறு தரம் சொல்லியிருக்கிறார்: "பட்டரித் தண்ணி மட்டும், புள்ள. போத்தல்ல விக்கிறது." அந்தப் போத்தல் சந்திக் கடையில் இல்லை. ஹெட்டிபொலைக்குப் போக வேண்டும். யார் போவது.

பில்டர் தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு மிஞ்சி நிற்குமாம். குடிக்க நல்லது, தகட்டுக்கு நஞ்சு. கேட்காமலே சுமித் சொன்னான். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டான் போல.

இரவுக்குள் சார்ஜ் ஏற்றித் தருகிறானாம். "ஒரு கெழமை தாங்கும். புதுசு ஒண்ணு பாருங்க." இந்த மொடலுக்குப் பட்டரி செத்தால் கிக் அடித்தும் பிரயோசனமில்லையாம். ஒரு பொட்டு கரண்டாவது வேண்டுமாம்.

வீட்டில் சொல்லவில்லை. "பழசாயிருச்சாம்" என்றேன். அவர் ம் என்றார்.


ஒக்டோபர் 16, வியாழன்

மேகமூட்டம். பள்ளிக்கூடம். ஆறாம் வகுப்புக்கு "என் குடும்பம்" பாடம். சிங்களப் பிள்ளைகள் தமிழில் ஒவ்வொன்றாகச் சொல்லின. எனது அப்பா விவசாயி. எனது அம்மா நல்லவர். ஒரு பெண் பிள்ளை எழுந்து, "எனது அப்பா இல்லை" என்றாள். இலக்கணம் சரி. சரி என்று போட்டேன். அவளுடைய அப்பாவுக்கும் கிட்னிதான். இரண்டு வருஷம் ஆகிறது.

வாங்க வேண்டியவை: பட்டரி. அவருக்கு நீலக் குளிசை. பிளாஸ்டர். சவர்க்காரம். தீபாவளிக்கு ஏதாவது.

சாப்பிடும்போது கேட்டேன், எந்தப் பட்டரி வாங்குவது, எத்தனை அம்பியர், எந்தக் கடை. வாகனம் என்றால் விடிய விடியக் கதைக்கிற ஆள். முப்பது வருஷம் திட்ட அலுவலகத்து லொறி, பௌசர், ஜீப் எல்லாம் ஓட்டியவர். டயரைத் தட்டிப் பார்த்தே காற்று எவ்வளவு என்று சொல்லுவார். மூன்று வருஷத்துக்கு முன்னால் இடது கையில் நரம்பை ஒட்டித் தைத்தார்கள், மெஷின் ஊசி போடுவதற்கு. அந்தக் கையால் கிளச் பிடிக்கக் கூடாது என்றார்கள். அன்றிலிருந்து நான் ஓட்டுகிறேன், அவர் பின்னால். பழக்கியதும் அவர்தான், வயல் வரம்பில், என்னை ஏசி ஏசி.

அப்படிப்பட்டவர், "இருக்கிறதே போதும்" என்றார்.

"செத்துப் போச்சுங்க அது."

"சாகட்டும். வயசாச்சு."

சோறு பாதி. எழுந்துவிட்டார்.

படுக்குமுன் வழக்கம்போல் அவர் இடது கையில் விரல் வைத்துப் பார்த்தேன். தினமும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். தோலுக்குக் கீழே இரத்தம் கிர்ர் என்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றுவிட்டால் உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஓடுகிறது.


ஒக்டோபர் 17, வெள்ளி

போகவில்லை.

போகவில்லை. போகவே முடியவில்லை.

சாவியைத் திருப்பினேன். ஒன்றுமில்லை. பச்சை லைட் கூட இல்லை. சுமித் புதன் இரவு கொண்டுவந்து விட்டபோது நன்றாகத்தானே இருந்தது. ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணிக் காட்டிவிட்டுத்தானே போனான். கிக் அடித்தேன், அடித்தேன், முழங்கால் கட்டு நனைந்து இரத்தம் வரும்வரை. இவர் வாசற்படியில் உட்கார்ந்து, "விடு புள்ள, விடு" என்றார். தள்ளிக்கொண்டு ஓடினேன், ஒழுங்கை முனை வரை. மசியவில்லை.

ஆட்டோக்காரனுக்குப் போன் அடித்தேன். "யானை சீசன் டீச்சர், விடியாம வர மாட்டேன்." அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவனுக்கும் பிள்ளைகள்.

ஐந்து மணிக்குள் சந்தியில் பஸ் போயிருக்கும். கொண்டக்டர் கொஞ்சம் காத்துப் பார்த்திருப்பான்.

ஆஸ்பத்திரி யூனிற்றுக்கு அழைத்தேன். நல்ல மிஸ். நாளைக்கு ஓர் இடம் இருக்கிறது, எப்படியாவது கூட்டிக்கொண்டு வாருங்கள், நாள் தள்ளிப் போனால் தண்ணீர் நெஞ்சில் கட்டும் என்றாள்.

எல்லாம் அந்த ஒரு வருஷத் தண்ணீர். சோம்பேறிச் சனியன் நான். பத்து மைல் போய் ஒரு போத்தல் வாங்கப் பஞ்சிப்பட்டு, மனுஷன் உயிரோடு விளையாடியிருக்கிறேன்.

அவர் பத்து மணி வரை தூங்கினார். நல்ல தூக்கம். பல மாதமாக அப்படித் தூங்கிப் பார்த்ததில்லை.

மகள் டுபாயிலிருந்து அழைத்தாள். "அப்பா கிளினிக் போனாரா?" போனார் என்றேன். இந்தக் கிழமையில் இரண்டாவது பொய்.


ஒக்டோபர் 18, சனி

மழை, பிறகு வெயில், பிறகு மழை. மாத்தளை.

பக்கத்து வளவு பண்டா அய்யா கைட்ராக்டரில் கொண்டுவந்து சந்தியில் விட்டார். கேட்பதற்கே எனக்கு நாக்கு எழவில்லை. நேற்று ராத்திரி நான் வேலியோரம் நின்றதைப் பார்த்து அவராகவே, "என்ன டீச்சர், நாளைக்கா?" என்று கேட்டார். பெட்டியில் வைக்கோல் போட்டு அதன்மேல் பாய். இவர் பாயில் படுத்துக்கொண்டு வந்தார், குடைக்குக் கீழே. யாராவது பார்த்திருந்தால் வேறு என்னவோ என்று நினைத்திருப்பார்கள்.

மெஷினில் போட்டதும் நான் கடைத்தெருவுக்கு. செத்த பட்டரி சிலிசிலி பையில், அதைப் பேப்பரில் சுற்றி. அசிட் பட்டால் சேலை ஓட்டை.

பட்டரிக் கடை முஸ்லிம் நானாவுக்கு என்னைத் தெரியாது. எனக்கும் அவரைத் தெரியாது. ஆனால் தமிழில் கதைக்க ஆள் கிடைத்ததே பெரிய ஆறுதல். வாரம் முழுக்கச் சிங்களம், வீட்டில் இவருடைய மௌனம்.

"செல்லுங்க டீச்சர், என்ன மொடல்?" டீச்சர் என்று எப்படித் தெரிந்தது? நெற்றியில் எழுதியிருக்கிறதோ.

பழையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீளம், அகலம், பிளஸ் எந்தப் பக்கம். நான் ஏழு அம்பியர் கேட்டேன், பெரிது என்றால் பலம் என்று. சிரித்தார். "பெட்டிக்குள்ள போகணுமே. அஞ்சு போதும். பைக்குக்கு ஏத்ததத்தான் போடணும். ஆசைக்குப் போடேலாது." பிறகு இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று தண்ணீர் ஊற்றுவது, ஒன்று திறக்கவே முடியாமல் முழுக்க மூடினது. தண்ணீர் ஊற்றுவது கவனமாகப் பார்த்தால் நன்றாக உழைக்கும் என்றார்.

"மூடினதையே தாங்க. ஊத்துற ஆளை நம்ப ஏலாது."

"யாரு ஊத்துறது?"

"நான்தான்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அடியில் குத்தியிருந்த மாசத்தைக் காட்டினார், கடையில் கிடந்து பழசானது இல்லை என்று. வரண்டி கார்ட் எழுதினார். "அவசரமா? ஒரு நாலு மணித்தியாலம் ஈந்தா சார்ஜுல போட்டே தாரேன். முழுசா ஏத்தாம மாட்டுனா சீக்கிரம் போயிரும்."

நாலு மணித்தியாலம் இருக்கிறது என்றேன். வேறு என்ன இருக்கிறது என்னிடம்.

ஆக, அங்கே அவர் ஒரு மெஷினில், இங்கே இது ஒரு மெஷினில். நான் நடுவில் ஒரு கடையில் பிளேன் டீ. வஹகோட்டை வேதக்கோயிலுக்கு நேர்ந்துகொண்ட மெழுகுதிரி இன்னும் கொடுக்கவில்லை என்று நினைவு வந்தது.

திரும்பும்போது பட்டரியை மடியில் வைத்துக்கொண்டேன். என்ன கனம். மலை இறக்கத்தில் இவர் தலை என் தோளில். இரண்டையும் விழாமல் பிடித்துக்கொண்டு வந்தேன்.


ஒக்டோபர் 19, ஞாயிறு

வெயில். பட்டரி மாட்டியாயிற்று. நானே.

சுமித்துக்குச் சொல்லலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை மூடியிருப்பான். இவரைக் கதிரையில் உட்கார்த்திவைத்து, சொல்லுங்க என்றேன். முதலில் வேண்டாவெறுப்பாக. பிறகு பழைய ட்ரைவர் எட்டிப் பார்த்தார்.

"கழட்டுறப்ப மைனஸ் மொதல்ல. மாட்டுறப்ப பிளஸ் மொதல்ல. மறந்துறாத."

"ஏன்?"

"ஸ்பெனர் இரும்புல பட்டா நெருப்பு பறக்கும். சொன்னதச் செய்யி."

பெட்டியைச் சோடாத்தூள் தண்ணீரால் கழுவினேன். பொங்கிப் பொங்கி வந்தது. வயர் முனையைத் தேய்த்து, கிறீஸ் பூசி. பிளஸ், மைனஸ், ரப்பர் பட்டி. சாவி. பச்சை லைட் பளிச்சென்று. ஹோர்னை அழுத்தினேன், பண்டா அய்யாவின் நாய் குரைக்க ஆரம்பித்தது. ஒரு வருஷமாக அந்த ஹோர்ன் கிழட்டு ஆடு மாதிரித்தான் கத்திக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். பில்டர் தண்ணீர், ஒரு வருஷம், சுமித்திடம் சொன்ன பொய், யானைக்கு முன்னால் லைட் போனது என்னால், வெள்ளிக்கிழமை போக முடியாதது என்னால். சொல்லச் சொல்ல அழுகை. ஸ்பெனரைப் பிடித்துக்கொண்டே அழுதேன்.

அவர் ஸ்பெனரை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். பிறகு சிரித்தார். உடம்பு குலுங்கச் சிரித்தார், இருமல் வரும்வரை.

"நான் குடிக்கிற தண்ணியவா அதுக்கும் குடுத்த? அதான் அதுக்கும் கிட்னி போயிருச்சு."

நானும் சிரித்தேன். என்ன செய்வது. எவ்வளவு நாளாயிற்று இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து.

கை பார்த்தேன். ஓடுகிறது.


ஒக்டோபர் 20, திங்கள், தீபாவளி

தூறல். எண்ணெய் வைத்தேன் இருவருக்கும். பலகாரம் இல்லை. அவருக்கு ஆகாது, எனக்கு மட்டும் சுட மனம் வரவில்லை. உளுந்து வடை நாலு, பண்டா அய்யா வீட்டுக்கு. அவர்கள் கொண்டுவந்து தந்த வாழைப்பழச் சீப்பை அவர் கண்ணில் படாமல் அலுமாரிக்குள் வைத்தேன். பழமும் கூடாது.

மகள் வீடியோவில். புதுச் சட்டை போட்டுக்கொண்டு இருவரும் முன்னால் உட்கார்ந்தோம். "அப்பா மெலிஞ்சிட்டாரும்மா." லைட் சரியில்லை என்றேன்.

பின்னேரம் பைக்கை ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். ஒரே அழுத்து. நாளைக்குச் செவ்வாய். நிம்மதி.


ஒக்டோபர் 21, செவ்வாய்

காலை நாலு. சாவி. ஒன்றுமில்லை. புதுப் பட்டரி. ஒன்றுமே இல்லை.

இப்போது பகல் இரண்டு. ஒழுங்காக எழுதுகிறேன்.

கடை திறக்கிற நேரம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். எட்டரைக்கு நானாவுக்கு அழைத்து வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஏமாத்திட்டீங்க, ஒரு நோயாளி மனுஷன், என்ன சாமான் வித்தீங்க. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்தார். பிறகு, "லைட்டும் இல்லியா? ஹோர்ன்? கொஞ்சமும் இல்லியா? அப்ப பட்டரி இல்ல டீச்சர். பட்டரி செத்தா முனகும். ஒரேயடியா ஒண்டும் இல்லாட்டி பியூஸ். பட்டரிக்குப் பக்கத்துல சின்னப் பெட்டி ஈக்கும், தொறந்து பாருங்க" என்றார்.

திறந்தேன். பியூஸ் எரியவில்லை. பியூஸ் இல்லை. அதன் பக்கத்தில் ஸ்பெயர் ஒன்று வைக்கிற இடம், அதுவும் காலி. நான்தானே ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் துடைத்தேன். அப்போது இரண்டும் இருந்தன. என் கண்ணால் பார்த்தேன்.

சுமித் வரவில்லை. வேறு யாரும் வரவில்லை.

அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கால் வீங்கி, விரலால் அமுக்கினால் குழி. மூச்சு கொஞ்சம் கனம். நான் தேடினேன். களவு எடுப்பவள் மாதிரி என் வீட்டிலேயே தேடினேன். சட்டைப் பை. மேசை லாச்சி. குளிசைப் பெட்டி. கடைசியில் அவருடைய மூக்குக் கண்ணாடிக் கூடு. துணிக்குக் கீழே இரண்டு பியூஸ்.

எவ்வளவு சின்னது. என் சுண்டு விரல் நகம் அளவு.

எழுப்பினேன். உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். "நீங்களா?" என்றேன். முட்டாள் கேள்வி.

"வெள்ளிக்கிழமையும் நீங்கதானா?"

"ராத்திரி சாவியத் தொறந்து வச்சேன், பட்டரி எறங்கட்டும்னு. நீ எந்திரிக்க முன்ன மூடுனேன்."

"நான் தண்ணி ஊத்துனதச் சொல்லி அழுதேனே! சிரிச்சீங்களே!"

"நீ அழுவக் கூடாதுன்னுதான் சிரிச்சேன்."

அடிக்க வேண்டும் போல் இருந்தது. எழுதினால் எழுதினதுதான், அடிக்க வேண்டும் போல் இருந்தது. பிறகு அவராகவே சொன்னார், சுவரைப் பார்த்தே, விட்டு விட்டு.

"அன்னைக்கு யானைக்கு முன்னால நீ பைக்குக்கு அடியில கெடந்த. என்னால ஒரு பைக்கத் தூக்க முடியல. லொறி ஓட்டுனவன். வாரத்துக்கு ரெண்டு தரம் எனக்காக நீ அந்தப் பாதையில போற. என்னோட சாவு என்னோட போகட்டும் புள்ள. ஒன்னையும் சேத்துக் கூட்டிட்டுப் போக மாட்டேன். மெஷின் போதும். எனக்குப் போதும்."

"ஒங்களுக்குப் போதும். எனக்கு?"

போர்வையைத் தோள் வரை இழுத்துக்கொண்டார்.

"போகாம வீட்ல இருந்து நான் என்ன செய்யிறது? நீங்க மூச்சுக்குத் தவிக்கிறதப் பாத்துக்கிட்டு ஒக்காந்து இருக்கணுமா? அந்த யானை பரவாயில்லங்க. அது கெளய முறிச்சிட்டுப் போயிருச்சு."

கத்திவிட்டேன் போல. பண்டா அய்யா வேலியோரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.


ஒக்டோபர் 22, புதன்

வெயிலா மழையா தெரியாது. வெளியே பார்க்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு லீவு சொன்னேன். யூனிற்றுக்கு அழைத்தேன். நாளை காலை இடம் இருக்கிறது. இன்றைக்கே மூச்சு முட்டினால் கிட்டின ஆஸ்பத்திரிக்கு உடனே.

அவர் தலையணை மூன்று வைத்துச் சாய்ந்தபடி. கஞ்சி கொடுத்தேன், குடித்தார். முகம் துடைத்தேன். இவ்வளவு கோபத்திலும் காது மடலுக்குப் பின்னால் துடைக்க மறக்கவில்லை நான். அதை நினைத்து இன்னும் கோபம்.

நானாவுக்கு அழைத்து மன்னிப்புக் கேட்டேன். பியூஸ்தான் என்றேன். "பரவால்ல டீச்சர். எரிஞ்சிருந்ததா?" ஆமாம் என்றேன். இன்னுமொரு பொய்.

பின்னேரம் பண்டா அய்யாவிடம் போனேன். நானாகவே. வெட்கத்தை விட்டுச் சொன்னேன், பாலம் தாண்டும் வரை பைக்குக்கு முன்னால் ட்ராக்டரில் வர முடியுமா, யானை வெடியும் எடுத்துக்கொண்டு. அவர் என்னை ஏசினார். "மூணு வருஷமா எங்கிட்டக் கேக்காம இருந்தீங்களே." விதைப்புத் தொடங்கினால் எல்லா நாளும் முடியாதாம், முடிந்த நாளுக்கு வருவாராம். நாளைக்கு நிச்சயம்.

இவரிடம் வந்து சொன்னேன். "நாளைக்கு பண்டா அய்யா முன்னால வாறாரு." கண்ணை மூடிக்கொண்டே கிடந்தார்.

பியூஸ் இரண்டும் மேசையில், அவர் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில். எடுத்து ஒளித்து வைக்கலாம். நானே மாட்டிவிட்டு, நான்கு பேரைக் கூப்பிட்டுத் தூக்கிப் போட்டுக்கொண்டு போகலாம். நாளைக்கு முடியும். அதற்கடுத்த செவ்வாய்க்கு? அவர் வேறு வயரைப் பிடுங்குவார். அந்த வண்டியில் எனக்குத் தெரியாத வயர் எத்தனையோ இருக்கிறது, அவருக்குத் தெரியாத வயர் ஒன்றுகூட இல்லை.

கை பார்த்தேன். இழுத்துக்கொள்ளவில்லை. ஓடுகிறது.


ஒக்டோபர் 23, வியாழன்

மாத்தளை. விறாந்தை. காலையில் மழை இல்லை, பனி.

மூன்றரைக்குச் சேலை உடுத்து, ஹெல்மெட் போட்டுக்கொண்டு, அவர் கட்டிலருகே போனேன். பியூஸ் இரண்டையும் எடுத்து அவர் வலது கையில் வைத்தேன். ஏதேதோ யோசித்து வைத்திருந்தேன் சொல்ல. வந்தது இதுதான்:

"நான் வெளிய இருக்கேன். போடுறதும் போடாததும் ஒங்க கையில. ஆனா போடாட்டி எனக்கு நேரா சொல்லிட்டுப் போடாம இருங்க. ஒளிச்சு வைக்காதீங்க."

வாசற்படியில் உட்கார்ந்தேன். பண்டா அய்யா ட்ராக்டரோடு ஒழுங்கை முனையில், சுருட்டு நெருப்பு மட்டும் தெரிந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. மூன்று ஐம்பது. நாலு. நாலு ஐந்து. ஹெல்மெட்டுக்குள் என் மூச்சு எனக்கே கேட்டது. எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை. பஸ்ஸை மட்டும்தான் நினைத்தேன், போய்விடாதே, போய்விடாதே என்று.

கட்டில் சத்தம். பிறகு கால் இழுபடும் சத்தம்.

சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, பைக்கின் அருகே குந்தினார். குந்தினவர் ஒரு நிமிஷம் அப்படியே மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தார். நான் எழுந்து போகவில்லை. கையைத் தொடையில் அமுக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். மூடியைத் திறந்தார். முதல் பியூஸைப் பொருத்தினார். ஸ்பெயரையும் அதன் இடத்தில் வைத்தார். மூடியைப் பெருவிரலால் அமுக்கினார், டக் என்றது.

"இன்னைக்கு மட்டும்தான் புள்ள."

"சரி."

ஒரே அழுத்து. லைட் பண்டா அய்யாவின் முதுகில் போய் விழுந்தது.

பாலத்தில் யானை இல்லை. கிளை முறிந்து கிடந்த இடத்தைத் தாண்டும்போது அவர் இடது கை என் இடுப்பைச் சுற்றி வந்தது. அந்தக் கைக்குப் பாரம் கொடுக்கக் கூடாது, கீழே போடுங்க என்றேன். போடவில்லை.

மூன்றரை கிலோ கூட. டொக்டர் ஏசினார், என்னைத்தான். இத்தனை நாள் விட்டு வைத்தது ஏன் என்று. பைக் பழுது என்றேன். அவர் மெஷினில் கிடந்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார், கூரையைப் பார்த்து.

இப்போது ஒரு மணி. வயர் எல்லாம் கழற்றியாயிற்று. மிஸ் கார்டை எடுத்து, அடுத்தது வழக்கம்போல் செவ்வாய்தானே என்று சிங்களத்தில் கேட்டாள். பேனை கார்டில் தொட்டுக்கொண்டு நின்றது.

"பட்டரியக் கேட்டுத்தான் சொல்லணும்" என்றார் அவர், அவளுடைய மொழியிலேயே.

மிஸ் கலகலவென்று சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செவ்வாய்னு எழுதுங்க மிஸ்" என்றேன்.

எழுதினாள். அவர் ஆமாம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கார்டை வாங்கிக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து மூடினார்.